கையில் 112 யூரோ: சான் தெனியில் கடைசி நாட்கள்

ஒன்பதாம் நாள், புதன், டிசம்பர் 17

இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு, அதன் தலைநகர் சான் தெனி. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. கவுன்டர் பையன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முன்பக்க இடது சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தான். ரிம்மில் ஒரு கீறல். என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். எரிமலைக்குப் போகும் வழியில் செம்பொட்டலாக ஒரு சமவெளி வரும், அங்கே தார் கிடையாது, பள்ளத்துக்குப் பள்ளம் குதித்துத்தான் போக வேண்டும். அங்கே பட்டிருக்கலாம். எனக்கு முன்னால் ஓட்டியவர் கைவண்ணமாகவும் இருக்கலாம். காரை எடுத்த அன்று நாலு கதவையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தவன், சக்கரத்தை எடுக்கவில்லை. முன்பணத்தில் 340 யூரோ பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு யூரோ இப்போது நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பெருக்குவதற்கு ரொம்பச் சுலபம், அதுதான் கொடுமை. வேறு நாணயமாக இருந்தால் மனக்கணக்கு போடும் நேரத்திலாவது கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.

ஆக, கார்டில் இருந்தது போயிற்று. பர்ஸில் 112 யூரோ. ஞாயிறு மதியம் மொரீஷியஸுக்கு விமானம், அங்கிருந்து சென்னை. நடுவில் நாலு நாள். அறைக்கு ஊரிலிருந்தே பணம் கட்டியிருந்தேன் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அறை ஷோத்ரோன் என்ற பகுதியில், அடுக்குமாடி வீடு ஒன்றில். வீட்டுக்கார அக்காவுக்குக் காரைக்கால். நான் மயிலாடுதுறை என்றதும், "அட, பக்கத்து ஊரு! பஸ்ஸு ஏறுனா ஒன்றரை மணி நேரம்" என்றார், ஏதோ இப்போதும் அந்த பஸ் கீழே நிற்கிற மாதிரி. மாமனார் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வழியில் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. அக்காவின் கணவருக்கு, எனக்கு அண்ணன், இங்கே துறைமுகத்தில் வேலை. வந்து இருபது வருடம் ஆகிறதாம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கிரியோல் என்ற உள்ளூர் மொழி, ஏதாவது அலுவலகத்துக்குப் போனால் பிரெஞ்சு.

பேருந்து பிடித்து வந்து, குளித்து, சாப்பிடலாம் என்று இறங்கும்போது மணி இரண்டே கால். முதல் கடையில் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் ஒரு பெண் சிரித்தபடி தலையை ஆட்டினாள். மூன்றாவதில் கதவே சாத்தியிருந்தது. இந்த ஊரில் பசி பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் வர வேண்டும். அப்புறம் ஏழு மணிக்குத்தான் வரலாம். ஒன்பது நாளாகக் காரில் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு சுற்றியதால் இது எனக்கு உறைக்கவே இல்லை.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு நீள ரொட்டி, ஒரு சின்னப் பெட்டி பாலாடைக்கட்டி, நாலு தக்காளி, தயிர். 9 யூரோ சொச்சம். தக்காளியை எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டியவுடன் இரண்டைத் திருப்பி வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நின்றேன். பின்னால் ஆள் நின்றதால் வைக்கவில்லை.

மாலையில் அக்காவிடம் புலம்பினேன். "எங்களுக்கு மட்டும் என்ன குறையவா விக்கிறான்?" என்றார். இது பிரான்ஸின் ஒரு மாவட்டம், 1946-இலிருந்து. ஆனால் பிரான்ஸிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வெண்ணெயிலிருந்து வாஷிங் மெஷின் வரை பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். வந்து இறங்கினால் ஒக்த்ருவா தெ மேர் என்று ஒரு வரி, கடல்வழிச் சுங்கம் மாதிரி. அந்த வரிப்பணத்தில்தான் நகராட்சிகளின் பிழைப்பு பெரிதும் ஓடுகிறது, அதனால் அதை எடுக்கவும் மனம் வராது. 2022-இல் பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனம் எடுத்த கணக்குப்படி, சாப்பாட்டுச் சாமான் விலை மட்டும் பிரான்ஸைவிட இங்கே சுமார் 37 சதவீதம் அதிகம். 2018-இல் விலைவாசியை எதிர்த்து மஞ்சள் சட்டைப் போராட்டம் வந்தபோது இந்தத் தீவே பல நாட்கள் முடங்கிப் போனதாம். "நாங்க பத்து நாள் ரசமும் கருவாடுமா ஓட்டினோம்" என்றார் அக்கா. அவர் குரலில் அது கொஞ்சம் திருவிழா மாதிரியும் இருந்தது.

அப்புறம் ஒரு வழி சொன்னார்: "சூப்பர் மார்க்கெட் பக்கம் போகாதீங்க தம்பி. பஜாருக்குப் போங்க. தமிழ்லயே கேளுங்க."

தமிழிலேயேவா?

பத்தாம் நாள், வியாழன், டிசம்பர் 18

மார்கழி மூன்று. ஊரில் அம்மா இந்நேரம் மப்ளரோடு கோலம் போட்டு முடித்திருப்பார். இங்கே ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே மார்கழி என்றால் கோடை. தெருவெல்லாம் குல்மோகர் கொட்டிக் கிடக்கிறது, தளவாடம் விற்கும் கடை வாசலில்கூட.

மரேஷல் லெக்லேர் தெரு சான் தெனியை மேற்கிலிருந்து கிழக்காக அறுத்துக்கொண்டு போகிறது. இந்த ஒரு தெருவை முழுதாக நடந்தால் போதும், டிக்கெட் இல்லாமல் ஊரைப் பார்த்துவிடலாம். காளிகாம்பாள் கோயில் இதில்தான். சென்னை தம்புச்செட்டித் தெருவில் இருப்பவளின் பெயர்தான் இவளுக்கும். அந்தத் தெருவுக்குப் பக்கத்துக் கோட்டையை 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பிரெஞ்சுக்காரர் லபூர்தொனே. அவரேதான் அதற்கு எட்டு வருடம் முன்னால் சான் தெனியை இந்தத் தீவின் தலைநகராக்கியவர். இதைச் சொன்னால் கேட்பதற்கு யாரும் பக்கத்தில் இல்லை. தனியாகப் பயணம் போவதில் எனக்குள்ள ஒரே குறை இதுதான்.

கோயிலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து மார்கழிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். பட்டுப்புடவை, கொண்டை, மல்லிகைக்குப் பதில் ஏதோ வெள்ளைப் பூ. பக்கத்தில் போய் நின்று எட்டிப் பார்த்தேன். கையிலிருந்த தாளில் பாட்டு முழுக்கப் பிரெஞ்சு எழுத்தில். 'மார்கலி' என்றுதான் வந்தது. ஆனால் ராகம் எங்கள் தெருப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் கேட்பதுதான், ஒரு இழுப்புக்கூட மாறவில்லை. பாடி முடித்ததும் ஒரு பாட்டி என்னைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் கையைக் கூப்பி, "வணக்கம்" என்றார். அதற்குமேல் இருவரிடமும் சொல் இல்லை. தொன்னையில் வெண்பொங்கல் வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு தூணில் சாய்ந்து சாப்பிட்டோம். மிளகு அளவாக இருந்தது. காலைச் சாப்பாட்டுச் செலவு பூஜ்யம். உண்டியலில் 2 யூரோ போட்டேன், அதைக் கணக்கில் எழுதவில்லை.

அதே தெருவில் மசூதி, நூரே இஸ்லாம். குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் கட்டியது, 1905-இல் திறந்தது. பாரிஸின் பெரிய மசூதியே 1926-இல்தான் வந்தது என்று நினைக்கும்போது, இந்தத் தெருவில் கடை போட்டவர்களின் தெம்பு புரிகிறது. கீழே வரிசையாகக் கடைகள், மேலே மினார். தொழுகை இல்லாத நேரம் என்பதால் உள்ளே விட்டார்கள். முற்றத்துக் குளிர்ச்சியிலிருந்து வெளியே வர மனமில்லை.

பெத்தி மார்ஷே, அதாவது சின்னச் சந்தை. அக்கா சொன்னது இதைத்தான்.

வாசலிலிருந்து மூன்றாவது கடை. மேஜைமேல் கட்டுக் கட்டாகக் கீரை. கடைக்காரம்மாவுக்கு எழுபது இருக்கும், கறுப்பு நிறம், மூக்குத்தி, பூப்போட்ட கவுன். இங்கே தமிழ் வம்சாவளியினரை மல்பார் என்கிறார்கள். ஏறிய துறைமுகம் காரைக்காலோ புதுச்சேரியோ மதராஸோ, எல்லோருக்கும் மலபார் என்று ஒரே முத்திரை. நான் ஒரு கட்டைத் தொட்டு, "இது என்னம்மா?" என்றேன், நிஜமாகவே தமிழில்.

"கலுபிலே," என்றார்.

கருவேப்பிலை! முகர்ந்தும் பார்த்துவிட்டேன். பக்கத்துக் கட்டைக் காட்டினேன். "கொத்தொமிலி." கொத்தமல்லி. அதற்குப் பக்கத்தில், உருவி எடுத்துச் சோறு வடித்த கையோடு துவட்ட வேண்டிய என் பரம இஷ்டக் கீரை. "ப்ரெத் முருங்." ப்ரெத் என்றால் கீரை. முருங்கை இங்கே முருங் ஆகி நிற்கிறது. ஓரத்தில் கூரான விளிம்போடு பீர்க்கங்காய். அதைக் காட்டியதும் அவரே முந்திக்கொண்டு, "பிப்பங்காய்!" என்று சத்தமாகச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

நான் சரியான உச்சரிப்பைச் சொல்லிக் கொடுக்கப் போனேன். "க-ரு-வேப்-பிலை." அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னைத் திருத்தினார்: "நோன். கலுபிலே."

சரி அம்மா, கலுபிலே.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் நியாயம். 1860-களில் ஆங்கிலேய அரசும் பிரெஞ்சு அரசும் ஒப்பந்தம் போட்டு, கரும்புக்கு ஆள் பிடித்து அனுப்பினார்கள். அதற்கு முன்பும் கப்பல்கள் வந்தன. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர். அவர்கள் பேரப்பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு, காட்டில் கிரியோல் என்று ஆனபோது, பேச்சு போனது. அடுக்களைச் சொல் மட்டும் போகவில்லை. அந்தம்மாவுக்கு அது கடன் வாங்கிய தமிழ்ச் சொல் இல்லை. அவருடைய சொந்தச் சொல்.

ஒரு கட்டு முருங்கைக்கீரை, கருவேப்பிலை, கொத்தமல்லி மூன்றுமாகச் சேர்த்து 3 யூரோ வாங்கினார். பீர்க்கங்காய் ஒன்றைச் சும்மா வைத்தார். சூப்பர் மார்க்கெட் தக்காளிக்காக நான் நேற்று தயங்கி நின்றது நினைவுக்கு வந்தது.

சந்தைக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் பொன்பொன் பிமான். பெயரைக் கேட்டால் மிட்டாய் என்று தோன்றும். பார்த்தால் வடை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பருப்புக்குப் பதில் மொச்சை இனத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பயறு. இரவு ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலை உரித்து அரைக்கிறார்கள். அதில் பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லித் தழை. உருட்டித் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் இறக்குகிறார்கள். மாவு மசால் வடை, உருவம் மெதுவடை. கடிக்கும்போது மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. சட்னி கிடையாது. அதற்குப் பதில் ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, வெண்ணெய் தடவி, உள்ளே நாலு வடையை அடுக்கித் தருகிறார்கள், அதுதான் இங்கே பலருக்குக் காலை ஆகாரம். முதல் கடியில் இது அநியாயம் என்று பட்டது. மூன்றாவது கடியில் மயிலாடுதுறையில் இதை யாரும் ஏன் யோசிக்கவில்லை என்று பட்டது.

மதியம் ஒரு பார்க்கெத். சின்னப் பெட்டியில் சோறு, பயறு, கோழிக் காரி, மிளகாய்த் துவையல். 8 யூரோ. பதினொன்றே முக்காலுக்கே போய் வரிசையில் நின்றேன், பாடம் படித்தவன் அல்லவா. பெரிய சந்தையில் மடகாஸ்கர் கூடைகளும் பொம்மைகளும், பார்க்க அழகு, கை வைக்கவில்லை. பாரிஸ் தெரு நெடுக மர வேலைப்பாட்டோடு பழைய கிரியோல் மாளிகைகள். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு, தெருக் கோடியில் உள்ள பழைய தாவரத் தோட்டத்தில் ஒரு மர நிழலில் தூங்கிவிட்டேன்.

ராத்திரி அக்கா முருங்கைக்கீரையைத் துவட்டினார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் பெண், பள்ளியில் தமிழ் எடுத்திருக்கிறாள். இங்கே சில பள்ளிகளில் அது பாடமாக இருக்கிறது. "உனக்கு ஏம்மா தனியா தமிழ்ப் பாடம், வீட்லதான் பேசுறியே?" என்றேன். "மார்க்கு அங்கிள்," என்றாள்.

பதினோராம் நாள், வெள்ளி, டிசம்பர் 19

அண்ணன் வேலைக்குப் போகும் வழியில் கிரான்த் ஷலூப்பில் இறக்கிவிட்டார். சான் தெனியை விட்டதும் சாலை கடல்மேல் ஏறுகிறது. மலைச்சரிவில் கல் உருண்டு ஆள் சாகும் பழைய சாலைக்குப் பதிலாக, கடலுக்குள் தூண் நிறுத்தி 5.4 கிலோமீட்டர் பாலம். 2022-இல் திறந்தது. உலகத்தில் அதிகச் செலவு பிடித்த சாலைகளில் ஒன்று. பாலம் சரியாக கிரான்த் ஷலூப்பில் முடிகிறது, மிச்சப் பகுதிக்குப் பழைய சாலைதான். "இந்தக் காசுல காரைக்கால் - பேரளம் ரயிலை நூறு தடவ போட்டிருக்கலாம்" என்றார் அண்ணன். ஊரை விட்டு இருபது வருடமானாலும் ரயில்தான் அளவுகோல்.

கிரான்த் ஷலூப் ஒரு பள்ளத்தாக்கு வாய். இரண்டு பக்கமும் செங்குத்து மலை, முன்னால் கடல். வெளியே போகச் சுலபமான வழி கிடையாது. அதனால்தான் 1860-இல் இங்கே லசரேத் கட்டினார்கள், கப்பலில் வந்த கூலிகளை நோய்க்குப் பயந்து தனியாக அடைத்து வைக்கும் இடம். காலரா, பெரியம்மை. நாள் கணக்கு முடிந்து, புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை என்றால்தான் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். ஒரு கட்டடத்தைச் சீர்படுத்திக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை.

உள்ளே நீளமான கூடம். கனத்த கல் சுவர், மேலே மர உத்திரம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே காற்று வந்தது. என்னைத் தவிர ஒரு பிரெஞ்சுத் தம்பதி மட்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புளியமரம் தெரிந்தது. எல்லாம் நன்றாக வெள்ளையடித்து, சுத்தமாக, அமைதியாக இருந்தது. அதுதான் கொஞ்சம் உறுத்தியது. கப்பலில் வாரக்கணக்கில் வந்து இறங்கிய சனம் இங்கே படுத்துக் கிடந்தபோது இவ்வளவு அமைதியாகவா இருந்திருக்கும்? குழந்தை அழுதிருக்கும், யாராவது பாடியிருப்பார்கள், அரிசி புழுத்திருக்கிறது என்று சண்டை நடந்திருக்கும்.

இறங்கியவர்களின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? சொன்ன ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராகி, நாலைந்து தலைமுறையாக இறங்கி வருகிறது. அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. தினமும் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது படிப்பேன். ஓவாரோ, பாயே, கிரோந்தேன் என்று பிரெஞ்சுப் பெயர்களுக்கு நடுவே ரமசாமி, முத்துசாமி, மினாட்சி. மீனாட்சி என்பது மீசை வைத்த ஒரு ஆளின் குடும்பப் பெயர். மதுரையில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கூலிகளை நடத்திய விதம் சரியில்லை என்று 1882-இல் ஆங்கிலேய அரசு கப்பலை நிறுத்தியது. வந்தவர்களில் பலர் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

திரும்பி வர பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆங்கிலேயர் பாதையில் நடந்தேன். கறுப்புப் பாறைக் கல்லைப் பதித்துப் போட்ட பழைய மலைப்பாதை. 1810 ஜூலையில் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படை இதன் வழியாகத்தான் சான் தெனிக்குப் போனது என்பதால் இந்தப் பெயர். ஐந்தே வருடத்தில் தீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. சென் பெர்னார் என்ற மேட்டூருக்கு ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம், இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு முழங்கால் சிராய்ப்பு. வழியில் வெள்ளை நிறத்தில் நீண்ட வால்சிறகோடு ஒரு கடற்பறவை பள்ளத்தாக்குக்கு மேலே வட்டமடித்தது. அங்கிருந்து நகரப் பேருந்தில் கீழே.

மாலையில் பாப்பாங். இங்குள்ள ஒரு பருந்தின் பெயர், இப்போது நகரத்துக்கு மேலே ஓடும் கேபிள் காருக்கும் அதுதான். 2022-இல் வந்தது. ஷோத்ரோனில் ஏறினால் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, ஐந்து நிலையம், கடைசியாக மலைச்சரிவில் இறங்கலாம். பேருந்துச் சீட்டே போதும். சுற்றுலாவுக்காகப் போட்டதல்ல, காய்கறிப் பையோடு வீடு போகிறவர்களுக்காகப் போட்டது. என் பெட்டியில் ஒரு அம்மாவும் ஸ்கூல் பையோடு தூங்கும் பையனும். கீழே தகரக் கூரைகள், மாமரங்கள், ஒரு மொட்டை மாடியில் துணி எடுக்கும் பெண், தூரத்தில் விமான ஓடுபாதை, அதற்குப் பின்னால் கடல். இந்தப் பயணத்திலேயே கொடுத்த காசுக்கு மேல் வாங்கிய இடம் இதுதான். இரண்டு தடவை போய் வந்தேன்.

இறங்கியபோது சாலையோரத்தில் லிச்சி. குலைகுலையாக, இலையோடு. கிலோ 3 யூரோ. வீட்டுக்கு வாங்கிப் போனேன். பாதி வழியிலேயே பாதி காலி.

பன்னிரண்டாம் நாள், சனி, டிசம்பர் 20

இன்று தீவே விடுமுறை. 1848 டிசம்பர் 20-இல் சார்தா கரிகா என்ற ஆணையர் அடிமைமுறை ஒழிந்தது என்று அறிவித்தார். ஏறத்தாழ 60,000 பேருக்கு விடுதலை. ஃபேத் காஃப் என்கிறார்கள், காஃப் என்றால் ஆப்பிரிக்க வம்சாவளியினர்.

பேருந்து அரைகுறையாகத்தான் ஓடுகிறது என்பதை நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரு தாத்தா சொல்லித்தான் தெரிந்தது. நடந்தேன். வழியில் ஒரு கடை திறந்திருந்தது. கண்ணாடிக் குழாயில் இரண்டு வெனிலா, 11 யூரோ. இரண்டு குழாய் எடுத்தேன். அம்மாவுக்கு இதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது, பீரோவில் துணிக்கு நடுவே வைப்பார். ஆனாலும் இதை வாங்காமல் வர முடியாது. மெக்ஸிகோவிலிருந்து கொண்டுவந்த வெனிலாக் கொடி இங்கே பூத்தது, காய்க்கவில்லை, மகரந்தம் சேர்க்க அங்குள்ள பூச்சி இங்கில்லை. 1841-இல் இந்தத் தீவில் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைப் பையன், ஒரு சின்னக் குச்சியால் பூவின் நடுச் சவ்வை விலக்கி, கட்டைவிரலால் அழுத்தினான். காய்த்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தக் கைவித்தைதான். விடுதலை வந்தபோது அல்பியுஸ் என்று அவனுக்குக் குடும்பப் பெயர் வைத்தார்கள். வெனிலா வியாபாரத்தில் பலர் பணக்காரர் ஆனார்கள். அவன் 1880-இல் வறுமையில் செத்தான்.

பராஷுவா கடற்கரையில் கூட்டம். பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்க, அவற்றின்மேல் குழந்தைகள் குதிரை ஓட்டின. விமானி ரோலான் கரோஸின் சிலை ஒன்று நிற்கிறது. டென்னிஸ் மைதானத்துக்குப் பெயர் தந்தவர், பிறந்தது இந்த ஊரில். புகழ்பெற்றது ராக்கெட் பிடித்ததால் இல்லை, 1913-இல் மத்தியதரைக் கடலை விமானத்தில் தாண்டியதால்.

மலோயா தொடங்கியது. உட்கார்ந்து தட்டும் பெரிய ரூலேர் முரசு, கரும்புப் பூத்தண்டில் செய்து உள்ளே விதை போட்ட தட்டைப் பெட்டி கயாம், அதைக் குலுக்கினால் மழை பெய்வது மாதிரி. ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அரசாங்கம் முகம் சுளித்த இசை, 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சாயங்காலம் ஒரு குழு வந்தது, அதில் ஒருவர் தோளில் வட்டமான தோல் வாத்தியம், கையில் இரண்டு குச்சி. கேட்ட நிமிஷமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையனிடம் சைகையில் பெயர் கேட்டேன். "தப்பு," என்றான். கடைசி எழுத்தை மட்டும் இழுத்து.

எங்கள் ஊரில் அதை அடிப்பவரை இன்றும் வாசலுக்கு வெளியே நிறுத்தும் வீடுகள் உண்டு. இங்கே அது நடு மேடையில். நான் கை தட்டினேன், எல்லோரோடும்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. விடுதலை ஆனவர்கள் கரும்புக் காட்டை விட்டு விலகியதால்தான் நம் ஆட்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஒருவனுக்குக் கொண்டாட்டமான தேதி, இன்னொருவனுக்குக் கப்பல் புறப்பட்ட தேதி. இதை ராத்திரி அண்ணனிடம் சொன்னேன். "அதனால என்ன, லீவு ரெண்டு பேருக்கும்தானே" என்றார்.

கடைசி இரவு என்று அக்கா ரசம் வைத்தார். இங்கே கிரியோலில் அது லார்சோன். அக்கம்பக்கத்தார் சளி பிடித்தால் கிண்ணத்தோடு வந்து கேட்பார்களாம். நான் வாங்கிய கலுபிலே அதில் மிதந்தது.

பதின்மூன்றாம் நாள், ஞாயிறு, டிசம்பர் 21

அண்ணன் காரிலேயே விமான நிலையத்தில் விட்டார். டாக்ஸி என்றால் இருபது யூரோவுக்கு மேல் போயிருக்கும். அக்கா ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தார். பணம் நீட்டினேன், முறைத்தார். பெண்ணிடம் 20 யூரோவைக் கொடுத்து, தமிழில் மார்க் வாங்கினால் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். "வாட்ஸ்அப்பில் தமிழிலேயே அனுப்புறேன்" என்றாள். பார்ப்போம். பர்ஸில் மிச்சம் 14 யூரோவும் சில்லறையும்.

உள்ளே போகும் முன் கார் வாடகைக் கவுன்டர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளியே நிறுத்துமிடத்தில் என் கார். நம்பர் மனப்பாடம் ஆகியிருந்ததால் சந்தேகமே இல்லை. கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். முன்பக்க இடது ரிம்மில் அந்தக் கீறல் அப்படியே இருந்தது.

ஒரு இளம் ஜோடி, தோளில் பெரிய மூட்டைகளோடு, அதைச் சுற்றிச் சுற்றி வந்து நாலு கதவையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் டிராலியை நிறுத்தினேன். எனக்குப் பிரெஞ்சு வராது. அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, சக்கரத்தைக் காட்டி, கீழே குத்தவைத்து உட்கார்ந்து, கையால் படம் எடுக்கிற மாதிரி செய்து காட்டினேன். முதலில் பயந்தாள். அப்புறம் அவளும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, செல்போன் விளக்கைப் போட்டாள்.